தேவையான எலி, தேவையான வாரத்தில்: மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளர்க்கும் கணக்கு

ஓர் ஆண் சுண்டெலியையும் ஒரு பெண் சுண்டெலியையும் ஒரே கூண்டில் விட்டால் மூன்று, நான்கு வாரத்தில் குட்டிகள் பிறந்துவிடும். எலியைப் பெருக்க யாரும் பாடம் படிக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு வேண்டிய மரபணு அமைப்புள்ள எலிகள், வேண்டிய பாலினத்தில், வேண்டிய வயதில், பத்தோ இருபதோ ஒரே வாரத்தில் கைக்கு வர வேண்டும் என்னும்போதுதான் பாடு தொடங்குகிறது. அந்தப் பத்துக்காகப் பிறந்து, எந்த ஆய்வுக்கும் பயன்படாமல் கொல்லப்படும் எலிகளின் எண்ணிக்கையையும் குறைத்தாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஓர் அனிமல் ஹவுஸை, அதாவது ஆய்வு விலங்குகளை வளர்க்கும் கூடத்தை, நடத்துவது பெரும்பாலும் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதுதான். காற்று, தண்ணீர், நோய்க் கண்காணிப்பு, பதிவேடு எல்லாம் அந்தக் கணக்கு பிசகாமல் இருப்பதற்காகவே.

முதலில், மரபணு மாற்றிய எலி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். வழிகள் மூன்று. பழைய வழி, கருவுற்ற முட்டையின் உட்கருவுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் டிஎன்ஏவைச் செலுத்துவது. இதை 1980இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கார்டன், ஃபிராங்க் ரடில் குழுவினர் செய்து காட்டினார்கள். செலுத்திய டிஎன்ஏ குரோமோசோமில் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை. பெரும்பாலும் பல பிரதிகள் வரிசையாக ஓரிடத்தில் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது வழி, கரு மூலச் செல்லில் குறிப்பிட்ட மரபணுவை மட்டும் மாற்றி, அந்தச் செல்லிலிருந்து எலியை உண்டாக்குவது. 1989இல் இந்த வழியில் நாக்-அவுட் எலிகள், அதாவது ஒரு மரபணு முடக்கப்பட்ட எலிகள், வந்தன. மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவான்ஸ், ஆலிவர் ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். மூன்றாவது, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர்; 2013 முதல் எலிகளில் பரவலாகிவிட்டது.

எந்த வழியில் வந்த எலி என்பது கூண்டு பார்ப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி வழியில் வந்த ஒவ்வொரு முதல் எலியும் தனி வம்சம். ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. டிஎன்ஏ போய் ஒட்டிய இடத்தில் வேறொரு நல்ல மரபணு உடைந்திருக்கலாம். ஒற்றைப் பிரதியில் அது தெரியாது. இரு பெற்றோரிடமிருந்தும் வந்து இரட்டையானதும் குட்டி சாகும், அல்லது மலடாகும். அதனால் இவ்வகை எலிகளை ஒற்றையாகவே வைத்து, சாதாரண எலியோடு இணை சேர்ப்பதுதான் பாதுகாப்பு. கிரிஸ்பர் எலியில் சிக்கல் வேறு: முதல் எலியின் உடம்பில் ஒரு செல்லில் ஒரு மாற்றம், இன்னொரு செல்லில் வேறொரு மாற்றம் என்று கலவையாக இருக்கும். சோதனைக்கு எடுத்த வால் துண்டில் பார்த்த மாற்றம் விந்தணுவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சாதாரண எலியோடு சேர்த்து அடுத்த தலைமுறையில் சோதித்த பிறகே அதை ஒரு வம்சமாக நம்பலாம்.

கணக்கு

இன்று பல ஆய்வகங்கள் பயன்படுத்துவது க்ரீ–லாக்ஸ் முறை. ஒரு மரபணுவின் இரு பக்கமும் லாக்ஸ் என்னும் குறியை வைத்திருப்பார்கள். அந்த மரபணுவை ‘ஃபிளாக்ஸ்’ என்பார்கள். க்ரீ என்பது அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் உள்ளதை வெட்டியெடுக்கும் நொதி. ஈரலில் மட்டும் க்ரீ உண்டாகும் எலியை ஃபிளாக்ஸ் எலியோடு சேர்த்துப் பெருக்கினால், முடிவில் ஈரலில் மட்டும் அந்த மரபணு இல்லாத எலி கிடைக்கும். ஆய்வுக்குத் தேவை: ஃபிளாக்ஸ் இரட்டையாகவும் க்ரீ ஒற்றையாகவும் உள்ள எட்டு வார வயதுப் பெண் எலிகள் பத்து. ஒப்பிட்டுப் பார்க்க, ஃபிளாக்ஸ் இரட்டையாக இருந்து க்ரீ இல்லாத அதே ஈற்றுச் சகோதரிகள் பத்து.

மூன்று விதமாக இணை சேர்க்கலாம். பெற்றோர் இருவரிடமும் ஃபிளாக்ஸ் ஒற்றை, ஒருவரிடம் க்ரீ என்றால், வேண்டிய குட்டி எட்டில் ஒன்று. பெண் மட்டும் என்றால் பதினாறில் ஒன்று. பத்துப் பெண் எலிக்கு 160 குட்டிகள் பிறக்க வேண்டும். ஒரு பெற்றோரை ஃபிளாக்ஸ் இரட்டையாக மாற்றினால் வேண்டிய பெண் எட்டில் ஒன்று, அதாவது 80 குட்டிகள். இருவரும் ஃபிளாக்ஸ் இரட்டை, அவர்களில் ஒருவரிடம் மட்டும் க்ரீ என்றால் நான்கில் ஒன்று: 40 குட்டிகள் போதும். ஒப்பீட்டு எலிகளும் அதே 40க்குள்ளேயே கிடைத்துவிடும். ஆய்வு ஒன்றுதான். ஆனால் இணை சேர்க்கும் விதத்தை மாற்றினாலே 120 உயிர்கள் மிச்சமாகின்றன. புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர் முதல் வாரத்திலேயே போட்டுப் பழக வேண்டிய கணக்கு இதுதான்.

40 என்பது சராசரி மட்டுமே. காசு சுண்டினால் வருவதுபோல ஒரு ஈற்றில் ஐந்து பெண், அடுத்த ஈற்றில் ஒன்றே ஒன்று என்று வரும். அதனால் கால் பங்கு கூட்டி 50 என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் ஈற்றில் பால் மறக்கும் வரை பிழைப்பவை ஆறு என்றால் ஒன்பது ஈற்று தேவை. எல்லா ஜோடியும் சினைப்படாது. 12 ஜோடி போட வேண்டும். நாள் கணக்கு: இணை சேர ஒரு வாரம், சினைக்காலம் 19 முதல் 21 நாள், பிறகு எட்டு வார வளர்ச்சி. ஆக, ஜூலை முதல் தேதி ஆய்வைத் தொடங்க வேண்டும் என்றால் ஏப்ரல் முதல் வாரத்தில் ஜோடிகள் கூண்டில் இருக்க வேண்டும். அந்த ஜோடிகளே கைவசம் இல்லை, ஃபிளாக்ஸ் வம்சமும் க்ரீ வம்சமும் தனித்தனியாக இப்போதுதான் வந்திருக்கின்றன என்றால், அதற்கு முன் இரண்டு தலைமுறைகள் கடக்க வேண்டும். தலைமுறைக்குப் பன்னிரண்டு வாரம். மொத்தம் எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். எலி வந்து இறங்கியதும் ஆய்வு தொடங்கிவிடும் என்று திட்ட அறிக்கையில் எழுதுவது பெரும்பாலும் இந்த எட்டு மாதத்தை மறந்து எழுதுவதுதான்.

விகிதம் எதிர்பார்த்தபடி வராவிட்டால், அதுவும் ஒரு செய்தி. ஒற்றை–ஒற்றை இணைப்பில் 60 குட்டிகளைச் சோதித்தும் இரட்டை ஒன்றுகூட இல்லை என்றால், இரட்டைக் குட்டிகள் கருவிலேயே சாகின்றன என்று பொருள். பதினைந்து இருந்திருக்க வேண்டும். க்ரீயும் ஃபிளாக்ஸும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தாலும் விகிதம் கெடும். இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது: சில க்ரீ வம்சங்களில் நொதி விந்தணுவிலோ முட்டையிலோ வேலை செய்துவிடும். அப்போது குட்டியின் உடல் முழுவதிலுமே அந்த மரபணு வெட்டுப்பட்டிருக்கும். ஈரலில் மட்டும் என்று நினைத்துச் செய்த ஆய்வு வீண். க்ரீ இல்லாத குட்டியின் வால் துண்டிலும், டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையில், வெட்டுப்பட்ட மரபணுவின் பட்டை தெரிகிறதா என்று அவ்வப்போது பார்த்தால் இது பிடிபடும்.

கூண்டுக்குள்

பெண் சுண்டெலி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வரும். பெண் எலிகளை மட்டும் ஒரே கூண்டில் நெருக்கமாக வைத்தால் சுழற்சி தடைப்படும். அந்தக் கூண்டில் ஆண் எலியின் சிறுநீர் பட்ட படுக்கையைப் போட்டால் மூன்றாம் நாள் பல எலிகள் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். 1950களில் விட்டன் கண்ட விளைவு இது. ஒரே வாரத்தில் ஒன்பது ஈற்று வேண்டும் என்பவர்களுக்கு ஊசியும் மருந்தும் இல்லாமல் கிடைக்கும் உதவி. இதற்கு நேர்மாறானதும் உண்டு: இணை சேர்ந்த சில நாளுக்குள் வேறொரு ஆணின் வாடை பட்டால் சினை கலைந்துவிடும். ஹில்டா புரூஸ் 1959இல் காட்டியது. சினைப்பட்ட எலியின் கூண்டில் வேறு ஆண் இருந்த படுக்கை தவறிக்கூடச் சேரக் கூடாது.

இணை சேர்ந்ததா என்று பார்ப்பது காலை வேலை. ஒன்பது, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். எலியைக் கம்பி மூடிமேல் விட்டு, வாலின் அடிப்பகுதியை லேசாகத் தூக்கிப் பிறப்புறுப்பைப் பார்க்க வேண்டும். இரவில் கலந்திருந்தால் ஆணின் விந்துத் திரவம் உறைந்து, வெண்மஞ்சளாக, கெட்டியாக வாயை அடைத்துக்கொண்டிருக்கும். சில எலிகளில் அது உள்ளே தள்ளியிருக்கும். மழுங்கிய முனையுள்ள மெல்லிய குச்சியால் தொட்டால் தடை தெரியும். நேரம் போகப் போகக் கரைந்து விழுந்துவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. அடைப்பு கண்ட நாளின் நண்பகலைக் கருவின் அரை நாள் வயது என்று கணக்கிடுவார்கள். ஆனால் அடைப்பு இருந்தால் கலவி நடந்தது என்றுதான் அர்த்தம். சினை என்று அர்த்தமில்லை. பத்தாம் நாள் வாக்கில் எடை போட்டுப் பார்த்தால்தான் நிச்சயமாகும்.

குட்டி போட்ட ஒரு நாளுக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வரும். ஆண் கூண்டிலேயே இருந்தால் உடனே அடுத்த சினை. வரவு கூடும்தான். ஆனால் முதல் ஈற்றின் குட்டிகளை 21ஆம் நாளில் பிரிக்காவிட்டால், புதிதாகப் பிறந்த ஒன்றரை கிராம் குட்டிகளைப் பெரிய குட்டிகள் மிதித்துக் கொன்றுவிடும். கூண்டு மாற்றும் நாளில் ‘நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம்’ என்று விட்ட ஒரு கூண்டில் ஓர் ஈற்று முழுவதும் போய்விடும்.

பிறந்த குட்டி இளஞ்சிவப்பாக, தோல் கண்ணாடி போல இருக்கும். வயிற்றின் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தால் பால் குடித்திருக்கிறது. திட்டு இல்லாமல் வெளிறிப்போய், கூட்டுக்கு வெளியே கிடக்கிற குட்டியைக் கண்டால் தாய்க்குப் பால் இல்லை, அல்லது தாய் ஒதுக்கிவிட்டது. அதே நாள் பிறந்த ஈற்றுள்ள வேறு தாயிடம், நிறம் மாறுபட்ட வம்சமாகப் பார்த்து, சேர்த்து வளர்க்கலாம். நிறம் வேறாக இருந்தால் பின்னால் எது யார் குட்டி என்ற குழப்பம் வராது. மற்றபடி முதல் மூன்று நாள் அந்தக் கூண்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. சத்தம், அதிர்வு, புது வாடை மூன்றும் தாயைக் கலவரப்படுத்தும்; அது குட்டியைத் தின்றுவிடும். பக்கத்துக் கட்டடத்தில் துளைபோடும் வேலை நடந்த மாதத்தில் ஈற்று குறைவது தற்செயலில்லை.

கூடு கட்டக் காகிதம் கொடுப்பது ஆடம்பரம் அல்ல. நாம் வைக்கும் 20–24 டிகிரி நமக்குச் சுகம்; எலிக்குக் குளிர். அதற்கு ஒத்த வெப்பம் 30 டிகிரியை ஒட்டியது. எட்டு முதல் பத்து கிராம் காகித நார் இருந்தால் மூடிய கூடு கட்டி உள்ளே தானே கதகதப்பை உண்டாக்கிக்கொள்ளும். கூண்டு மாற்றும்போது பழைய கூட்டைப் புதுக் கூண்டுக்கு எடுத்து வைத்தால் ஆண் எலிகளின் சண்டை குறையும். சிறுநீர் நனைந்த மரத்தூளை எடுத்து வைத்தால் சண்டை கூடும். சண்டை போட்ட ஆண்களைப் பிரித்த பிறகு மறுபடி ஒன்று சேர்க்கக் கூடாது.

எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது பழைய பழக்கம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட் 2010இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, பல கூடங்கள் பிளாஸ்டிக் குழாயில் ஏறவிட்டோ உள்ளங்கையைக் குவித்தோ எடுக்கின்றன. வாலைப் பிடித்த எலி பதற்றம் காட்டுகிறது. குழாயில் வந்த எலி மனிதக் கையைத் தேடி வருகிறது. நேரமும் கூடுதலாக ஆவதில்லை.

காற்றும் தண்ணீரும்

இன்றைய கூடங்களில் ஒவ்வொரு கூண்டுக்கும் தனியாக வடிகட்டிய காற்று போகும். மணிக்கு 60, 70 முறை கூண்டின் காற்று மாறும். அறையின் காற்று மணிக்குப் பத்து, பதினைந்து முறை. இதனால் ஒரு கூண்டின் நோய் அடுத்த கூண்டுக்குப் பரவுவது குறையும், அம்மோனியா சேராது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூண்டு மாற்றினால் போதும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். சென்னைபோல ஈரக்காற்று ஊரில் இதைக் காப்பாற்றுவதற்குத்தான் ஏசியின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு போகும். மின்வெட்டில் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்குகிறதா என்று மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்தே சோதிக்க வேண்டும். பட்டனைத் தட்டிப் பார்ப்பது சோதனையாகாது.

எலியைக் கொல்லும் சாதாரண விபத்து தண்ணீர்ப் புட்டியில் இருக்கிறது. புட்டியைக் கவிழ்த்ததும் நாலைந்து சொட்டு விழுந்து நிற்க வேண்டும். நிற்காமல் சொட்டினால் ரப்பர் அடைப்பு தேய்ந்திருக்கிறது. இரவோடிரவாகப் படுக்கை ஊறி, நனைந்த எலி குளிரில் செத்துவிடும். குழாய் முனை படுக்கையைத் தொட்டாலும் இதே கதி. தூள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சொட்டவே சொட்டாத புட்டி இன்னும் மோசம், ஏனென்றால் நிரம்பியிருப்பதுபோலத் தெரியும். தண்ணீர் கிடைக்காத எலி தீனியையும் விட்டுவிடும். ஆகவே நேற்றைக்கும் இன்றைக்கும் தீனித் தட்டின் மட்டம் குறையாத கூண்டில் முதலில் புட்டியை அசைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீரில் கிருமி வளராதிருக்க அமிலம் சேர்த்து பிஎச் 2.5 முதல் 3க்குள் வைப்பார்கள்.

சாதாரணத் தீனியை, அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்தால் வெப்பத்தில் வைட்டமின்கள் அழியும். அதற்கென்று கூடுதல் வைட்டமின் சேர்த்த தீனியையோ கதிர்வீச்சில் சுத்தம் செய்த தீனியையோ வாங்க வேண்டும். ஈற்று திடீரெனக் குறையும்போது மரபணுவைச் சந்தேகிக்கும் முன் தீனி மூட்டையின் தேதியைப் பார்ப்பது நல்லது.

நோய்

எலி ஈரல் அழற்சி வைரஸ், பார்வோ வைரஸ், ஹெலிகோபாக்டர், நூற்புழு, மயிர்ப்பேன் ஆகியவை பெரும்பாலும் எலியை நோயாளியாகக் காட்டாது. ஆனால் ஆய்வு முடிவைக் கெடுக்கும். கண்காணிக்க ஒவ்வொரு அடுக்கிலும் காவல் எலிகள் உள்ள ஒரு கூண்டு இருக்கும். கூண்டு மாற்றும்போதெல்லாம் மற்ற கூண்டுகளின் அழுக்குப் படுக்கையில் ஒரு கரண்டி அதில் போய்ச் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எலிகளின் ரத்தம், கழிவு, மயிர் சோதனைக்குப் போகும். மயிர்ப்பேன் படுக்கை வழியாக எளிதில் பரவாது என்பதால் இந்த முறையில் தப்பிவிடும்; கூண்டுகளிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் படியும் தூசியை பிசிஆர் செய்தால் பிடிபடும். நூற்புழுவில் இரண்டு வகை உண்டு. ஒன்றன் முட்டை ஆசனவாயில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் தெரியும். மற்றொன்றன் முட்டை கழிவில் மட்டுமே தெரியும். டேப் சுத்தமாக இருந்ததை வைத்து நிம்மதி அடைவது தவறு.

வெளியூரிலிருந்து வரும் எலியை நேரே உள்ளே விடக் கூடாது. நோய் இருந்தால், அதன் கருக்களை எடுத்துக் கழுவி, நோயற்ற தாயின் கருக்குழாயில் வைத்துப் புது வம்சத்தை வாங்குவார்கள். ஏற்கும் தாயைத் தயார்செய்ய, விந்துக்குழாய் கட்டிய ஆணோடு சேர்ப்பது வழக்கம். பொய்ச்சினையானதும் அதன் உடல் கருவை ஏற்கும்.

மனிதருக்கும் பாதுகாப்பு வேண்டும். எலிச் சிறுநீரில் உள்ள புரதம் ஒவ்வாமையை உண்டாக்கும். கண் எரிச்சல், தும்மலில் தொடங்கி ஆஸ்துமா வரை போகும். அழுக்குக் கூண்டைத் திறந்த மேஜையில் கொட்டாமல் காற்று உறிஞ்சும் மேடையில் கொட்டுவதும் என்95 முகக்கவசமும் இதற்குத்தான்.

பெயரும் பதிவும்

ஓர் எலியை அடையாளம் காணக் காதில் துளையிடுவார்கள்; எடுத்த துண்டிலேயே டிஎன்ஏ சோதனையும் முடிந்துவிடும், வாலை வெட்ட வேண்டியதில்லை. பிசிஆர் ஓட்டும் ஒவ்வொரு முறையும் மூன்று சோதனைக் குழாய்கள் கூடவே போக வேண்டும்: மாற்றம் உள்ள எலி, மாற்றம் இல்லாத எலி, வெறும் தண்ணீர். தண்ணீரில் பட்டை வந்தால் அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்கு. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் துளைக்கருவியைத் துடைக்காததே இந்தக் கலப்படத்துக்கு வழக்கமான காரணம்.

வம்சத்தின் பெயரைச் சுருக்கி எழுதக் கூடாது. ‘பிளாக் சிக்ஸ்’ என்று எல்லோரும் சொல்லும் கறுப்பு எலியில் ஜே, என் என்று இரண்டு கிளைகள் உண்டு. ஜே கிளையில் என்என்டி என்னும் மரபணு குறைபட்டிருக்கிறது. என் கிளையில் விழித்திரையைப் பாதிக்கும் ஆர்டி8 குறை இருக்கிறது. அட்டையில் வெறுமனே ‘பி6’ என்று எழுதி, ஆய்வு எலி ஒரு கிளையாகவும் ஒப்பீட்டு எலி மற்றொரு கிளையாகவும் அமைந்துவிட்டால், தெரியும் வேறுபாடு எந்த மரபணுவால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டிஎன்ஏவை ஊசியால் செலுத்த வசதியாக முட்டையில் பெரிய உட்கரு உள்ள எஃப்விபி வம்ச எலிக்கு விழித்திரை அழிந்துவிடும். அதைக் கண்பார்வை தேவைப்படும் நடத்தைச் சோதனையில் போட்டு ‘கற்கவில்லை’ என்று முடிவெடுப்பது எலிக்குச் செய்யும் அநியாயம்.

இந்தியாவில் இதற்கெல்லாம் சட்டம் உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியக் குழுவில் கூடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வுக்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். மரபணு மாற்றம் என்பதால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் தேவை. அனுமதி கேட்கும் படிவத்தில் எலிகளின் எண்ணிக்கையை நியாயப்படுத்த வேண்டிய இடத்தில்தான் மேலே போட்ட 40, 80, 160 கணக்கு நேரடியாக வந்து நிற்கும். பிறந்து பயன்படாத குட்டிகளையும் அந்த எண்ணில் காட்ட வேண்டும். அவற்றைக் கொல்லும் முறையும் எழுத்தில் இருக்க வேண்டும். பிறந்த சில நாள் குட்டிகள் கார்பன் டை ஆக்சைடில் எளிதில் சாகாது. பெரிய எலிக்குப் போதும் நேரம் அவற்றுக்குப் போதாது. இறந்துவிட்டதா என்று வேறொரு முறையிலும் உறுதி செய்யாமல் பையில் போடக் கூடாது.

யாரும் பயன்படுத்தாத வம்சத்தைக் கூண்டில் வைத்துக்கொண்டே இருப்பது தவறான சிக்கனம். இரண்டு ஆண் எலிகளின் விந்தை உறைய வைத்தால் போதும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தொடர்ந்து வளர்த்துக்கொண்டிருக்கும் வம்சத்தில் தலைமுறைதோறும் புதிய சிறு மாற்றங்கள் சேர்ந்து கொண்டே போகும். உறைந்த விந்தில் அது நின்றுவிடும். விபத்துக்கும் அதுதான் காப்பு. 1947இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் காட்டுத்தீ பரவி ஜாக்சன் ஆய்வகத்தின் எலிகள் கருகியபோது, அதற்கு முன் அங்கிருந்து எலி வாங்கியிருந்த ஆய்வகங்கள் வம்சங்களைத் திருப்பி அனுப்பின. 2012இல் சாண்டி புயலின் வெள்ளம் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வுக் கட்டடத்தின் அடித்தளத்தில் புகுந்து ஆயிரக்கணக்கான எலிகளைக் கொன்றது. ஆகவே உறைந்த குழல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் வைக்க வேண்டும். அனுப்பும் முன் ஒரு குழலை உருக்கி, முட்டையோடு சேர்த்து, கரு உண்டாகிறதா என்று பார்த்துவிட வேண்டும். தொட்டியின் நைட்ரஜன் மட்டத்தை வாரம் இருமுறை அளவுகோலை விட்டுப் பார்த்து, அளந்தவர் கையெழுத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும்.